சூடானால் ஸ்டார்ட் ஆக மறுக்கும் லொறி

தோட்டத்து லொறியையும் டிரெக்டரையும் பற்றி நம் லயங்களில் அடிக்கடி காதில் விழும் பேச்சு ஒன்று உண்டு. "விடிய வெள்ளன ஒரே தட்டுல எழும்புது. மத்தியானம் கொழுந்து ஏத்திக்கிட்டு பெக்டரியில போய் நிப்பாட்டினா அவ்வளவுதான். எவ்வளவு செல்ப் அடிச்சாலும் அசையாது." கந்தப்பளைக் குளிரில், கண்ணாடியெல்லாம் பனி பூத்திருக்கும் நேரத்தில் எழும்புகிற இஞ்சின், நன்றாகச் சூடேறிய பிறகு மறுப்பது எப்படி? "இஞ்சினுக்கு மூச்சு வாங்குது, கொஞ்சம் ஆற விடணும்" என்பார்கள். ஆற விட்டால் ஸ்டார்ட் ஆவதும் உண்மைதான். அப்படி ஆகிவிடுவதால்தான் இந்த நோய் மாதக்கணக்கில் யாரும் கவனிக்காமல் கிடக்கிறது.

இது டிரைவருக்கும் பாஸுக்கும் மட்டும் உரிய விஷயம் என்று அம்மாமார்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். சூடானால் ஸ்டார்ட் ஆகாத லொறியை வைத்திருக்கும் டிரைவர் என்ன செய்கிறார்? அணைக்கவே மாட்டார். நிறுவைக் கொட்டகைக்குப் பக்கத்தில் லொறி உறுமிக்கொண்டே நிற்கும். கொழுந்துக் கூடையோடும் சாக்கோடும் வரிசையில் நிற்பவர்கள் அந்தப் புகையைத்தான் சுவாசிக்கிறார்கள். டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக் கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2012ஆம் ஆண்டு திட்டவட்டமாக அறிவித்தது. அப்படியே அணைத்தாலும், லொறியைச் சரிவில்தான் நிறுத்துவார். உருட்டி ஸ்டார்ட் செய்ய வசதி என்பதற்காக. இறக்கத்தில் இஞ்சின் ஓடாமல் உருளும் லொறிக்கு பவர் ஸ்டியரிங் கிடையாது, காற்று பிரேக்கும் நம்பிக்கையில்லை. அதன் பின்னால் ஆட்கள் ஏறி நிற்பதையும் நாம் பார்த்திருக்கிறோம். இராத்திரி வேளையில் பிரசவ வலி வந்த பிள்ளையை நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக லொறியை எடுக்கும்போது, அது அப்போதுதான் ஒரு நடை போய் வந்து நின்றதாக இருந்தால் நிலைமை என்ன என்று எண்ணிப் பாருங்கள்.

ஒரு காலத்தில் நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இறாகலை வரை ஒரு சிறிய ரயில் ஓடியது. 1940களில் அது மூடப்பட்டுவிட்டது. அதற்குப் பிறகு இந்தப் பக்கத்தில் தேயிலையானாலும், லீக்ஸ், கரட், கோவாவானாலும் எல்லாம் லொறியில்தான் போக வேண்டும். ஆகவே லொறியின் நோயை அறிந்து கொள்வது நம்மெல்லோருக்கும் உரிய பாடம்தான்.

இப்போது பாடத்துக்கு வருவோம்.

டீசல் இஞ்சினில் பெற்றோல் இஞ்சினைப் போல் நெருப்புப் பொறி போடும் பிளக் கிடையாது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சூடாவதைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். அதே வேலைதான் சிலிண்டருக்குள்ளும் நடக்கிறது. உள்ளே வந்த காற்றைப் பிஸ்டன் பதினாறு, பதினெட்டு மடங்கு நெருக்குகிறது. காற்று 500 பாகை செல்சியஸுக்கும் மேல் சூடாகிறது. அந்தக் கொதிக்கும் காற்றுக்குள் டீசலைப் பனிபோலப் பீச்சினால் தானாகவே பற்றிக்கொள்கிறது. ஆகவே இஞ்சின் எழும்ப மூன்று காரியம் நடக்க வேண்டும்: செல்ப் மோட்டார் போதிய வேகத்தில் சுற்ற வேண்டும், காற்று ஒழுகாமல் நெருக்கப்பட வேண்டும், டீசல் உரிய அளவில் உரிய நேரத்தில் பீச்சப்பட வேண்டும்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். கந்தப்பளை கடல் மட்டத்திலிருந்து 6,000 அடிக்கும் மேலே இருக்கிறது. இங்கே காற்றின் அமுக்கம் கொழும்பில் உள்ளதைப் போல் சுமார் ஐந்தில் நான்கு பங்குதான். கொழும்பில் "பரவாயில்லை" என்ற நிலையில் ஓடும் இஞ்சின், இங்கே வந்ததும் குறையைக் காட்டத் தொடங்கும். கீழ்நாட்டில் வாங்கிய பழைய லொறியை மலைக்குக் கொண்டு வந்து ஏமாந்தவர்கள் இதை அறிவார்கள்.

இனி முக்கியமான யோசனை. டீசல் இஞ்சின் இயல்பாகச் சூட்டில்தான் சுலபமாக எழும்ப வேண்டும். இரும்பு சூடாக இருக்கிறது, எண்ணெய் இளகி இருக்கிறது, காற்றும் சீக்கிரம் சூடாகிறது. குளிரில் எழும்பாமல் சூட்டில் எழும்பினால் அது வழக்கமான வியாதி: பிஸ்டன் ரிங் தேய்மானம், ஹீற்றர் பிளக் கெட்டது, பற்றரி பலவீனம். அதற்கு நேர்மாறாக, குளிரில் நன்றாக எழும்பிச் சூட்டில் மறுத்தால், சூட்டினால் கெடுகிற ஏதோ ஒன்று எங்கோ இருக்கிறது என்று அர்த்தம். சந்தேகப்பட வேண்டியவர்களின் பட்டியல் அப்போதே பாதியாகக் குறைந்துவிடும். "ரிங் போயிருச்சு, இஞ்சினை இறக்கணும்" என்று யாராவது உடனே சொன்னால், காலையில் ஒரே தட்டில் எழும்புவது எப்படி என்று அவரிடம் மரியாதையாகக் கேளுங்கள்.

ஸ்பேனரை எடுக்குமுன் காதையும் கண்ணையும் பாவியுங்கள். சூடாக நின்று மறுக்கும் நேரத்தில், ஒருவர் செல்ப் அடிக்க, இன்னொருவர் புகைக்குழாய்ப் பக்கம் நிற்க வேண்டும்.

"தம்பி, என்ன நெறத்துல பொகை வருது பாரு."

"ஒண்ணுமே வரல்ல அண்ணே."

"காலையில மாதிரி வேகமா சுத்துதா?"

"சுத்துறது நல்லாத்தான் சுத்துது அண்ணே."

இந்த நாலு வரிப் பேச்சில் பாதி நோய் பிடிபட்டுவிட்டது. மெதுவாகச் சுற்றினால் குறை மின்சாரப் பக்கத்தில். வேகமாகச் சுற்றியும் புகையே வராவிட்டால், அல்லது நூல்போல மெலிதாக வந்தால், டீசல் சிலிண்டருக்குப் போதியளவு போகவில்லை. வேகமாகச் சுற்றி வெள்ளைப் புகை நிறைய வந்தால், டீசல் போகிறது, ஆனால் எரியவில்லை.

செல்பை ஒரே மூச்சாக அடிக்கக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். பத்துப் பதினைந்து செக்கன், பிறகு ஒரு நிமிடமாவது ஓய்வு. இல்லாவிட்டால் நோயைக் கண்டுபிடிக்கப் போய் செல்ப் மோட்டாரை எரித்துவிடுவோம்.

முதலில் மெதுவாகச் சுற்றும் லொறியைப் பார்ப்போம். செல்ப் மோட்டார் ஸ்டார்ட் ஆகும் நேரத்தில் சில நூறு அம்பியர் மின்சாரத்தை இழுக்கிறது. அந்த மோட்டார் பெரும்பாலும் இஞ்சினோடு ஒட்டி, புகைக்குழாய்க்குப் பக்கத்திலேயே இருக்கும். செப்புக் கம்பி ஒவ்வொரு பத்துப் பாகை சூட்டுக்கும் சுமார் நூற்றுக்கு நான்கு வீதம் மின்சாரத்தைக் கூடுதலாகத் தடுக்கும். இருபது பாகையிலிருந்து தொண்ணூறு பாகைக்குப் போனால் தடை கால் பங்குக்கு மேல் கூடிவிடுகிறது. நல்ல நிலையில் உள்ள செல்ப் இதைத் தாங்கும். கார்பன் பிரஷ் தேய்ந்தது, புஷ் தேய்ந்து உள்ளே உரசுவது, பற்றரி முனையில் பச்சைப் பூஞ்சணம் பிடித்தது, கபிள் உள்ளே அரித்தது ஆகிய குறைகளில் ஒன்றிருந்தாலும் சூட்டில் தாங்காது.

இதற்குப் பெரிய கருவி தேவையில்லை. செல்ப் அடித்து முடித்ததும் பற்றரி முனைகளையும், செல்பில் கபிள் பூட்டும் இடத்தையும், இஞ்சினிலிருந்து சேசிக்குப் போகும் எர்த் பட்டியையும் புறங்கையால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். எந்தப் பூட்டு மற்றவற்றைவிடச் சுடுகிறதோ அங்கேதான் மின்சாரம் தடைப்படுகிறது. எர்த் பட்டியை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். இஞ்சினை ஒருமுறை இறக்கி ஏற்றிய லொறியில் அந்தப் பட்டியை சாயத்தின் மேலேயே பூட்டியிருப்பார்கள். கழற்றி, இரும்பு தெரியச் சுரண்டி, மீண்டும் இறுக்கினால் சில நேரம் அதோடு வேலை முடிந்துவிடும். மீட்டர் கைவசம் இருந்தால் இன்னும் நல்லது. 12 வோல்ட் லொறியில் செல்ப் அடிக்கும்போது பற்றரி ஏறத்தாழ ஒன்பதரை வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. 24 வோல்ட்டில் 19. பற்றரியின் மைனஸ் முனைக்கும் இஞ்சின் உடம்புக்கும் இடையில் வைத்துப் பார்த்தால், 12 வோல்ட் லொறியில் செல்ப் அடிக்கும் நேரம் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. காட்டினால் எர்த் சரியில்லை. எல்லாம் சரியாக இருந்தும் சூட்டில் மட்டும் மெதுவாகச் சுற்றினால் செல்பைக் கழற்றிக் கொடுக்கலாம்.

ஒரேயொரு எச்சரிக்கை. செல்பும் பற்றரியும் நல்லதாக இருந்தும் இஞ்சினே இறுக்கமாகச் சுற்றினால் அது வேறு கதை. தண்ணீர் குறைந்து இஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கலாம். இந்த உயரத்தில் தண்ணீர் 100 பாகைக்கு முன்பே, 94 பாகை அளவில் கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடியின் ரப்பர் நல்லதாக இருந்து அமுக்கத்தைப் பிடித்து வைத்திருப்பதால்தான் ஏற்றத்தில் கொதிக்காமல் போகிறோம். தேய்ந்த மூடியை மாற்றுங்கள். சூடான ரேடியேட்டரைத் திறந்து முகத்தைச் சுட்டுக்கொண்டவர்கள் தோட்டந்தோறும் இருக்கிறார்கள். அதை நாங்கள் விளக்கத் தேவையில்லை.

இனி நன்றாகச் சுற்றும், ஆனால் புகை வராத லொறி. கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள், ஏனென்றால் சூட்டு நோயின் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது.

முதலில் மிகச் சின்ன விஷயம். இஞ்சினை அணைக்க இழுக்கும் கபிள் முழுவதும் திரும்பிப் போயிருக்கிறதா? பழைய லொறிகளில் அது பாதியில் இறுகி நின்றுவிடும். பம்பிலுள்ள கையைக் கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள். சாவியால் அணையும் லொறியானால் பம்பின் மேல் சொலினோயிட் என்ற சிறு மின்சார வால்வு இருக்கும். சாவியைப் போட்டால் அது திறந்து டீசலை உள்ளே விட வேண்டும். சூடானால் அதன் சுருளும் பலம் இழக்கும். மறுக்கும் நேரத்தில் அதன் மேல் ஒரு விரலை வைத்து, சாவியைப் போடச் சொல்லுங்கள். "டிக்" என்று ஒரு துடிப்புத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அதற்கு வரும் வயரில் மின்சாரம் வருகிறதா என்று பாருங்கள். மின்சாரம் வந்தும் துடிக்காவிட்டால் சொலினோயிட்டை மாற்ற வேண்டியதுதான். சின்னச் சாமான். இதைப் பார்க்காமல் பம்பையே கழற்றிக் கொண்டு போவது, நகத்தில் முள் குத்தியதற்குக் கையை வெட்டுவது போன்றது.

அடுத்தது காற்று. டாங்கியிலிருந்து பம்புக்கு வரும் குழாயில் எங்காவது காற்று நுழைந்தால் டீசல் பின்வாங்கிவிடும். ஆனால் யோசியுங்கள்: அரை மணி நேரத்தில் பின்வாங்குகிற டீசல், இராத்திரி முழுவதும் நின்றால் இன்னும் அதிகமாகப் பின்வாங்காதா? ஆகவே காற்று நுழையும் லொறி காலையில்தான் அதிகம் தொல்லை தரும். காலையில் நன்றாக எழும்புகிற லொறியில் காற்றைச் சந்தேகப்படுவதற்குக் காரணம் குறைவு. சந்தேகம் தீர, மறுக்கும் நேரத்தில் பில்டரில் உள்ள கைப்பம்பை இருபது முப்பது தடவை அடித்துப் பாருங்கள். அதோடு எழும்பினால் காற்று அல்லது அடைப்பு. எழும்பாவிட்டால் அடுத்த சந்தேகத்துக்குப் போவோம்.

அந்த அடுத்த சந்தேகம்தான் டீசல் பம்பின் உள்தேய்மானம்.

தோட்டங்களில் ஓடும் மெசி பெர்கூசன் 135, 240 டிரெக்டர்களின் பேர்கின்ஸ் இஞ்சினில் சீஏவி கம்பனியின் டீபீஏ என்ற சுழல் பம்பு இருக்கிறது. இசுசு எல்ப் லொறிகளில் பலவற்றில் உள்ள 4ஜேபி1 இஞ்சினிலும் ஒரு சுழல் பம்புதான். அது பொஷ் கம்பனியின் வீஈ வகை. எல்லா சிலிண்டருக்கும் ஒரே பம்புத் தலை மாறி மாறி டீசலைப் பங்கிடுகிறது. அமைப்பு சிறியது, விலை குறைந்தது. ஆகவே 1950களுக்குப் பிறகு உலகமெங்கும் பரவியது. ஆனால் அந்த ஒரு தலை தேய்ந்தால் எல்லா சிலிண்டருக்கும் ஒரே நேரத்தில் பஞ்சம்தான்.

அந்தத் தலைக்குள் சுழலும் உருளைக்கும் அதைச் சுற்றியுள்ள சுவருக்கும் இடைவெளி இரண்டு மூன்று மைக்ரோன் அளவுதான். நம் தலைமயிர் ஒன்றின் தடிப்பு சுமார் 70 மைக்ரோன் என்றால் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே வாஷர் இல்லை, ரப்பர் இல்லை. டீசலின் தடிப்பே கசிவைத் தடுக்கிறது, டீசலே கிரீஸின் வேலையையும் செய்கிறது. தேய்ந்து இடைவெளி கூடினால் அமுக்கும் நேரத்தில் டீசல் பக்கவாட்டில் கசிந்து திரும்பிவிடும். காலைக் குளிரில் டீசல் தடிப்பாக இருக்கிறது. கசிவு குறைவு, எழும்புகிறது. 40 பாகையில் உள்ள டீசல் 80 பாகைக்குப் போனால் அதன் தடிப்பு ஏறத்தாழ பாதியாகிவிடும். தண்ணீர்போல இளகிய டீசல் அந்த இடைவெளியில் நழுவிவிடுகிறது.

"அப்படியானால் ஏற்றத்தில் மட்டும் எப்படி நன்றாக இழுக்கிறது?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. செல்ப் அடிக்கும்போது இஞ்சின் நிமிடத்துக்கு 150 சுற்று அளவில்தான் சுற்றுகிறது. மெதுவாக அமுக்கும்போது டீசலுக்குக் கசிந்து ஓட நேரம் தாராளமாகக் கிடைக்கிறது. இஞ்சின் ஓடத் தொடங்கி 2,000 சுற்றுக்குப் போனால் கசிய நேரமில்லை. ஓட்டை வாளியில் தண்ணீர் அள்ளுவது போலத்தான்: மெதுவாகத் தூக்கினால் பாதி போகும், வெடுக்கென்று தூக்கினால் மிஞ்சும். உருட்டி விட்டால் லொறி எழும்புவதன் இரகசியமும் இதுதான். உருளும்போது செல்பைவிட வேகமாகச் சுற்றுகிறது.

இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள். நிறுத்தி ஒரு நிமிடத்தில் மீண்டும் அடித்தால் எழும்பிவிடும். இருபது நிமிடம் கழித்து அடித்தால் எழும்பாது. இரண்டு மணி நேரம் கழித்து மறுபடியும் எழும்பும். இஞ்சின் ஓடும்போது புது டீசல் வந்து பம்பைக் குளிரச் செய்துகொண்டே இருக்கிறது. நின்றதும் அந்த ஓட்டமும் நிற்கிறது, விசிறியும் நிற்கிறது. இஞ்சினில் உள்ள சூடு மெதுமெதுவாகப் பம்புக்குள் ஊறுகிறது. அதனால் நின்ற முதல் அரை மணி நேரத்தில்தான் பம்பின் சூடு உச்சத்துக்குப் போகிறது.

இதை உறுதி செய்ய மெக்கானிக்குகள் உலகமெங்கும் செய்கிற ஒரு பரிசோதனை உண்டு. செலவு ஒரு பழைய சாக்கும் ஒரு வாளிப் பச்சைத் தண்ணீரும்தான். லொறி மறுக்கும் நேரத்தில், சாவியை எடுத்துவிட்டு, நனைத்த சாக்கை பம்பின் மேல் சுற்றிப் போடுங்கள். தண்ணீரை மெல்ல மெல்ல விட்டு, பத்துப் பதினைந்து நிமிடம் பம்பைக் குளிர வையுங்கள். இஞ்சினின் மற்றப் பாகம் சூடாகவே இருக்கட்டும். பிறகு செல்ப் அடியுங்கள். எழும்பினால் பம்புத் தலை தேய்ந்துவிட்டது என்பதற்கு அது பலமான சாட்சி. எழும்பாவிட்டால் பம்பின் மேல் பழி போடாதீர்கள். தண்ணீர் செல்ப் மேலோ வயர்கள் மேலோ விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது கொதிக்கும் பம்பின் மேல் குளிர்ந்த தண்ணீரை வாளியோடு கவிழ்க்கவே கூடாது. வெளிச்சுவர் சட்டென்று சுருங்கி உள்ளே சுழலும் உருளையைக் கவ்விப் பிடித்துவிடும். அதோடு பம்பு போய்விடும்.

சொலினோயிட்டும் பம்பின் மேலேயே இருப்பதால் அதுவும் இந்தத் தண்ணீரில் குளிர்ந்துவிடும். ஆகவேதான் "டிக்" பரிசோதனையை முதலில் செய்யச் சொன்னோம். ஒழுங்கு மாறினால் முடிவும் பிழைக்கும்.

பழைய கன்டர், லேலண்ட், டாட்டா லொறிகளில் பெரும்பாலும் வரிசைப் பம்புதான். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி பிளஞ்சர். அவையும் தேயும், அதே குணத்தைக் காட்டும். ஆனால் அவற்றின் தேய்மானம் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மாதிரி இருப்பதால் இஞ்சின் துடித்துத் துடித்து ஓடும். அது கூடுதல் அடையாளம்.

சிலர் நொசிலுக்குப் போகும் குழாயின் நட்டைத் தளர்த்தி, செல்ப் அடித்து, டீசல் எப்படி வருகிறதென்று பார்ப்பார்கள். காலையில் ஒரு தடவையும் சூட்டில் ஒரு தடவையும் பார்த்தால் வித்தியாசம் தெரியும். செய்யலாம். ஆனால் இஞ்சின் ஓடும்போது கையை அங்கே கொண்டு போகக் கூடாது. நொசிலுக்குப் போகும் டீசலின் அமுக்கம், காற்றமுக்கத்தைப் போல் 200 மடங்கு அளவுக்குப் போகும். ஊசிமுனை ஓட்டையால் பீச்சினால் தோலைத் துளைத்துச் சதைக்குள் போய்விடும். வெளியில் சிறு புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் பெரிதாக இராது. அப்படி நடந்தால் மஞ்சள் பூசிக் கட்டிக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் "டீசல் பீச்சி உள்ளே போச்சு" என்று டொக்டரிடம் சொல்லுங்கள். தாமதித்தால் விரலையே எடுக்க வேண்டி வரலாம்.

வெள்ளைப் புகை வரும் லொறியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறோம். அங்கே டீசல் போகிறது, எரியவில்லை. அண்மையில் ஹெட் வேலை செய்திருந்தால் முதலில் வால்வு இடைவெளியைப் பாருங்கள். இடைவெளி இல்லாமல் இறுக்கி விட்டிருந்தால், சூட்டில் வால்வுத் தண்டு நீண்டு வால்வு முழுவதும் மூடாமல் காற்று ஒழுகும். குளிரில் மூடும், சூட்டில் மூடாது. எத்தனை மில்லிமீற்றர் என்பது இஞ்சினுக்கு இஞ்சின் வேறுபடும். அந்த இஞ்சினுக்குரிய புத்தகத்தில் உள்ளபடி வைக்க வேண்டும், கைக்கணக்கு வேண்டாம். நொசில் சொட்டுச் சொட்டாக ஒழுகினாலும், பம்பு டைமிங் பிந்தியிருந்தாலும் இதே புகைதான். வெள்ளைப் புகையோடு ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்துகொண்டே வந்தால் ஹெட் கெஸ்கட்டைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பம்பு ஏன் இவ்வளவு சீக்கிரம் தேய்கிறது என்பதையும் பேசத்தான் வேண்டும். பேசினால் சிலருக்குக் கோபம் வரும். 2022ஆம் ஆண்டு எரிபொருள் பஞ்சத்தை யாரும் மறக்கவில்லை. வரிசையில் நாள்கணக்கில் கிடந்தோம். டீசல் லீட்டர் 400 ரூபாயைத் தாண்டியிருந்தபோது மண்ணெண்ணெய் 87 ரூபாயாகவே இருந்தது. அந்த ஆகஸ்ட் மாதம்தான் அது 340 ரூபாயாக்கப்பட்டது. அந்த இடைவெளியில் எத்தனையோ லொறிகளின் டாங்கிக்குள் மண்ணெண்ணெய் போனது. லயத்து அடுப்புக்கும் விளக்குக்கும் போக வேண்டிய எண்ணெய் அது என்பது ஒரு பக்கம். மறுபக்கம், மண்ணெண்ணெய் டீசலைவிட மெல்லியது, வழவழப்பும் குறைவு. டீசலையே கிரீஸாக நம்பியிருக்கும் பம்புக்கு அது பட்டினி. இன்றைக்கு எழும்பும், நாளைக்கும் எழும்பும். தேய்மானம் உள்ளே நடந்துகொண்டிருக்கும். அப்போது கலந்த லொறிகளில் சில பிறகு மத்தியானத்தில் மறுக்கத் தொடங்கியதென்றால் அதில் ஆச்சரியமில்லை.

மற்றக் காரணம் தண்ணீரும் தூசியும். நம் பக்கத்து மூடுபனியில், பாதி காலியான டாங்கியின் உட்சுவர் இராத்திரியில் வியர்க்கும். அந்த நீர் அடியில் சேரும். முடிந்தவரை மாலையிலேயே டாங்கியை நிரப்பி வையுங்கள். பீப்பாயில் டீசல் வைத்திருந்தால் உருட்டிக் கொண்டு வந்த கையோடு ஊற்றாமல் ஒரு இரவு அடங்க விடுங்கள், அடி மண்டியை எடுக்காதீர்கள். பில்டரின் அடியிலுள்ள திருகைக் கிழமைக்கு ஒரு தடவை தளர்த்தித் தண்ணீரை வடியுங்கள். பில்டரை உரிய காலத்தில் மாற்றுங்கள். கழுவிக் காயவைத்துப் போடுவது சிக்கனம் அல்ல.

செய்யக் கூடாத இரண்டு காரியம். சூடான இஞ்சினின் காற்றுக் குழாயில் பெற்றோல் நனைத்த துணியைப் பிடிப்பதும், ஈதர் ஸ்பிரே அடிப்பதும் சிலருடைய பழக்கம். குளிர்ந்த இஞ்சினிலேயே அது ஆபத்து; சூட்டில் பிஸ்டன் உடையலாம், முகத்தில் நெருப்புப் பிடிக்கலாம். இரண்டாவது, முன்பே சொன்ன சரிவு ஸ்டார்ட். நோய் தீரும்வரை அதைத் தவிர்க்கவே முடியாது என்றால், பின்னால் ஒரு ஆள்கூட இல்லாமல், கீழே பாதையில் பிள்ளைகள் இல்லாமல் பார்த்துச் செய்யுங்கள்.

திரீவீலர் வைத்திருக்கும் தம்பிமார் "எங்களுக்கும் இதே தொல்லை" என்பார்கள். பெயர் ஒன்று, நோய் வேறு. பெற்றோல் இஞ்சினில் சூட்டில் இக்னிஷன் கொயில் பலமிழப்பது, கார்பரேட்டரில் பெற்றோல் ஆவியாவது அல்லது நிரம்பி வழிவது என்பவைதான் காரணம். அதை வேறொரு இதழில் பார்ப்போம்.

சந்தேகம் பம்பில் வந்து முடிந்தால், அதைப் பாதையோரத்தில் வைத்துப் பிரிக்க விடாதீர்கள். இரண்டு மைக்ரோன் இடைவெளிக்குள் ஒரு மண் துகள் போனால் போதும். பம்பைப் பூட்டி ஓட்டி அளவு பார்க்கும் சோதனை மேசை உள்ள இடத்துக்குத்தான் கொண்டு போக வேண்டும். கழற்றுமுன் பம்பிலும் இஞ்சினிலும் சேர்த்து ஒரு டைமிங் கோடு கீறிக்கொள்ளுங்கள். குழாய் வாய்களைச் சுத்தமான பொலித்தீனால் கட்டுங்கள். புதுத் தலை போட்டால் பழையதைத் திருப்பித் தரச் சொல்லிக் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

போகும்போது வெறுங்கையோடு போகாமல், ஒரு கிழமைக்காவது குறிப்பெழுதிக் கொண்டு போங்கள். பிள்ளையின் பழைய அப்பியாசக் கொப்பி போதும். எத்தனை மணிக்கு நிறுத்தியது, எத்தனை நிமிடம் கழித்து அடித்தது, எழும்பியதா, சுற்றிய வேகம், புகையின் நிறம், ஈரச்சாக்குப் போட்டபோது என்ன நடந்தது. கிளீனராக ஓடும் பையன்கள் இதை அழகாகச் செய்வார்கள். அப்படிப் பையன் ஒருவன் வேலையைப் பழகி வந்தால், கையில் பேப்பர் இல்லை என்று அவனைக் கிளீனராகவே விட்டுவிடாதீர்கள். மோட்டார் மெக்கானிக் தொழிலுக்கு என்.வி.கியூ. சான்றிதழ் இருக்கிறது. ஏற்கனவே வேலை தெரிந்தவர், பாடசாலைச் சான்றிதழ் குறைவாக இருந்தாலும், தன் அனுபவத்தைக் காட்டிப் பரீட்சிக்கப்பட்டு அதைப் பெறும் வழியும் உண்டு. நைட்டா என்று சொல்லும் பயிலுனர் பயிற்சி அதிகார சபையின் அலுவலகத்தில் விசாரிக்கலாம். வயது வந்த பாஸ்மாரும் போகலாம். அங்கே யாரும் சிரிக்க மாட்டார்கள்.